பிரெஞ்சு கிராமத்தில் ஒரு மலைவலம்

"அக்கா, பன்னிரண்டு கிலோமீட்டர். மேடும் பள்ளமுமா இருக்கும். நடந்துடுவியா?" என்று என் தங்கை போனில் கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. திருவண்ணாமலையில் வாழ்க்கைப்பட்டு இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. பதினாலு கிலோமீட்டர் கிரிவலத்தை எத்தனை பௌர்ணமிக்கு நடந்திருப்பேன்!

"நீ டிக்கெட்டை எடு. நடக்கிறதை நான் பார்த்துக்கிறேன்" என்றேன்.

என் தங்கையைக் கொடுத்திருப்பது புதுச்சேரிக் குடும்பத்தில். அவள் வீட்டுக்காரரின் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். புதுவைப் பக்கம் 'சொல்தா குடும்பம்' என்று சொல்வார்களே, அது. அதனால் அவர்கள் எல்லோருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை. இப்போது இருவரும் பிரான்ஸின் மேற்குக் கோடியில், பிரித்தானி மாகாணத்தில், கெம்பெர் என்ற ஊரில் இருக்கிறார்கள். பாரீஸிலிருந்து ரயிலில் ஏறத்தாழ நாலு மணி நேரம். பிரான்ஸ் என்றதும் நம் மனசில் வருகிற ஈஃபில் கோபுரம், சென்ட் கடை எதுவும் அங்கே இல்லை. கடல் காற்று, மழைத் தூறல், பசும்புல், கருங்கல் வீடு. அவ்வளவுதான்.

2025 ஜூலையில் போனேன். பெட்டியில் வடகம், அப்பளம், பருப்புப் பொடி, சாம்பார்ப் பொடி எல்லாம் வைத்தேன். ஒரு ஓரத்தில், யாருக்கும் சொல்லாமல், கோவிலில் வைத்துப் பூஜித்த ஒரு மஞ்சள் சரடும் வைத்திருந்தேன். தங்கைக்கு முப்பத்தெட்டு வயசு. கல்யாணமாகிப் பதினோரு வருஷம். இரண்டு தடவை உண்டாகி, இரண்டு தடவையும் மூன்றாம் மாசம் தங்காமல் போய்விட்டது. ஒரு தடவைகூட என்னால் பக்கத்தில் இருக்க முடியவில்லை. அந்தச் சரடு எதற்கென்று நான் சொல்லாமலே உங்களுக்குப் புரிந்திருக்கும்.

சதுக்கத்தில் ஒரு கிணறு

நாங்கள் நடக்கப் போன ஊரின் பெயர் லொக்ரொனான். கெம்பெரிலிருந்து பதினேழு கிலோமீட்டர். ஜனத்தொகை எண்ணூறு பேர் அளவில்தான். நம் பக்கத்து ஒரு சின்னக் கிராமம் மாதிரி.

நடைக்கு முன்னால் ஊரை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று ஒரு நாள் முன்னதாகவே அழைத்துப் போனாள். காரை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டு நடந்துதான் போக வேண்டும். ஒரு சந்து திரும்பியதும் நடுச் சதுக்கம். அங்கே நின்றதும் எனக்கு என்னவோ போலிருந்தது. கண்ணுக்கு ஏதோ குறைகிறது, என்னவென்று தெரியவில்லை. அப்புறம்தான் புரிந்தது. மின்சாரக் கம்பி இல்லை! கம்பம் இல்லை! எல்லாவற்றையும் பூமிக்கடியில் கொண்டு போய்விட்டார்களாம். கடைகளின் பெயர்ப் பலகைகூடச் சின்னதாக, அடக்கமாக இருந்தது.

சதுக்கத்தின் நடுவில் ஒரு பழைய கிணறு. கருங்கல் தளவரிசை. நாலு பக்கமும் பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டில் கட்டின மாடி வீடுகள். எல்லாம் உள்ளூர்க் கருங்கல். பழசாகிப் பழசாகி அந்தக் கல்லில் சாம்பல் நிறமும் பாசிப் பொன்னிறமும் கலந்து கிடக்கிறது. கூரைக்குக் கரும்பலகைக் கல்லைத் தகடு தகடாக வெட்டி, மீன் செதிள் மாதிரி அடுக்கியிருக்கிறார்கள். கூரை நடுவிலிருந்து எட்டிப் பார்க்கிற சின்னச் சின்ன ஜன்னல்களுக்கும் கல்லிலேயே அலங்காரம். வாசலுக்கு வாசல் நீலத்திலும் ரோஸிலும் பந்து பந்தாக ஹைட்ராஞ்சியாப் பூக்கள். ஊட்டி, கொடைக்கானலில் பார்த்திருப்பீர்களே, அதேதான்.

"இந்த ஊரைச் சினிமாக்காரங்க விடமாட்டாங்க அக்கா. பழைய காலத்துக் கதைன்னா நேரே இங்க வந்துடுவாங்க" என்றாள் தங்கை. 1979-ல் வெளிவந்த 'டெஸ்' படத்துக்குக்கூட இங்கே படம் பிடித்திருக்கிறார்கள். பிரான்ஸின் மிக அழகான கிராமங்கள் என்று ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலிலும் இந்த ஊர் இருக்கிறது.

கப்பல் பாய் கட்டிய வீடுகள்

இத்தனை சின்ன ஊரில் இவ்வளவு பெரிய வீடுகள் எப்படி வந்தன? கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். துணி நெய்த பணம்!

சணல் மாதிரி ஒரு நார்ச்செடி. அதை ஊறப்போட்டு, அடித்து, நாரெடுத்து, சுற்றுவட்டாரப் பெண்கள் வீட்டில் உட்கார்ந்து நூல் நூற்றார்கள். அந்த நூலில் நெய்த முரட்டுத் துணிதான் பாய்மரக் கப்பலுக்குப் பாய். நீராவிக் கப்பல் வராத காலம். பாய் இல்லாவிட்டால் கப்பல் கட்டை மாதிரி நிற்க வேண்டியதுதான். அதனால் லொக்ரொனான் துணிக்குப் பல தேசங்களில் கிராக்கி. வியாபாரிகள் சதுக்கத்தைச் சுற்றி மாளிகை மாதிரி வீடு கட்டிக்கொண்டார்கள்.

அதில் ஒரு வீட்டைத் தங்கை வீட்டுக்காரர் எனக்குக் காட்டினார். "அண்ணி, இது யாரோட ஆபீஸ் தெரியுமா? பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியோடது!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 1664-ல் ஆரம்பித்த கம்பெனி. 1674-ல் புதுச்சேரியில் காலூன்றிய அதே கம்பெனி. அவர்களுடைய லோரியான் துறைமுகம் இதே பிரித்தானியில்தான் இருக்கிறது. கப்பல் பாய்த் துணி வாங்க இந்த ஊரில் ஆபீஸ் போட்டிருக்கிறார்கள். இந்த ஊர்ப் பெண்கள் நூற்ற நூல் பாயாகிக் காற்றில் விரிந்து நம் கடற்கரைக்கு வந்திருக்கும். திரும்பிப் போகும்போது நம் நெசவாளர்கள் நெய்த நீலத் துணியை ஏற்றிக்கொண்டு போயிருக்கும். இரண்டு ஊர்க்காரிகளும் ஒருத்தியை ஒருத்தி பார்த்ததே இல்லை. ஆனால் இருவர் விரலிலும் நூல் அறுத்த தழும்பு ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

அப்புறம் அரசாங்கமே வேறு ஊர்களில் பெரிய நெசவாலைகள் வைத்தது. லொக்ரொனான் துணிக்கு மவுசு குறைந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் தொழில் படுத்துவிட்டது. பணக்காரர்கள் போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர்கள் விவசாயம் பார்த்தார்கள். பழைய வீட்டை இடித்துப் புது வீடு கட்ட யார் கையிலும் காசில்லை. அதனால்தான் அந்த வீடுகள் தப்பின! வசதி இருந்திருந்தால் எப்போதோ இடித்துக் காரை பூசி, கலர் அடித்திருப்பார்கள். வறுமை சில சமயம் வைத்துக் காப்பாற்றுகிறது, பாருங்கள். இருபதாம் நூற்றாண்டில்தான் அதன் அருமை தெரிந்து, அரசாங்கம் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களாக அறிவித்தது.

சதுக்கத்திலிருந்து சரிவாக இறங்குகிற ஒரு தெரு நெசவாளர் தெருவாக இருந்ததாம். 'மோவால் தெரு' என்று பெயர். இங்கே மாளிகை இல்லை, சின்னச் சின்ன வீடுகள். நெய்தவர் வீடு சின்னது, விற்றவர் வீடு பெரியது! எந்த தேசமானால் என்ன? தெருக் கோடியில் நல்ல செய்தி மாதாவுக்கு ஒரு சின்னக் கோவில். வெளியே 1698-ல் கட்டிய நீரூற்று. பக்கத்தில் பெண்கள் துணி துவைத்த கல்தொட்டி. கோவில் ஜன்னல்களுக்கு மனேசியே என்ற ஓவியர் 1985-ல் வண்ணக் கண்ணாடி செய்து கொடுத்திருக்கிறார். சாமி படம் எதுவும் அதில் கிடையாது, நிறங்கள்தான். வெயில் வந்து விழுந்தால் தரையெல்லாம் கோலம் போட்ட மாதிரி இருக்கிறது.

அந்த ஊர் தோசை

மத்தியானம் சாப்பாட்டுக்கு ஒரு கடையில் நுழைந்தோம். "உனக்கு ஊர் ஞாபகம் வரும் பார்" என்றாள் தங்கை. வந்தது! பெரிய வட்டமான இரும்புக் கல். அவர்கள் பிரெத்தோன் பாஷையில் 'பிலிக்'. மாவை ஊற்றி, 'ரொசெல்' என்ற மரத் தேய்ப்பானால் சுழற்றித் தேய்க்கிறாள் அந்தப் பெண். நீளமான 'ஸ்பானெல்' தோசைத் திருப்பி. சத்தமும் அதே 'சுர்ர்'தான்.

மாவு மட்டும் வேறு. பக்வீட் என்ற தானியம். வடக்கே விரத நாட்களில் சாப்பிடும் 'குட்டு' மாவு என்றால் சிலருக்குத் தெரியும். கோதுமை என்று பெயரில் ஒட்டியிருக்கிறதே தவிர கோதுமை இனமே இல்லை. குளிரான, சத்தில்லாத மண்ணிலும் விளையும் என்பதால் பிரித்தானி ஏழைகளின் அன்னமாக இருந்திருக்கிறது, நம் கேழ்வரகு மாதிரி.

செய்முறை கேட்டு வந்தேன். குட்டு மாவு கிடைக்கிற சகோதரிகள் செய்து பாருங்கள். கால் கிலோ மாவுக்கு ஒரு ஸ்பூன் உப்பு, அரை லிட்டருக்குச் சற்று மேலே தண்ணீர். கட்டியில்லாமல் கரைத்துக் குறைந்தது இரண்டு மணி நேரம் ஊற வைக்க வேண்டும். ராத்திரி முழுக்க வைத்தால் இன்னும் விசேஷம். கல் நன்றாகக் காய்ந்ததும் வெண்ணெய் தடவி, ரவா தோசைக்கு மாதிரி நீர்க்க ஊற்றி மெல்லிசாகத் தேய்க்கவும். நடுவில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, சீஸ் துருவிப் போட்டு, நாலு பக்கமும் மடித்தால் சதுரமாக வரும். முட்டை வேண்டாதவர்கள் வதக்கிய வெங்காயம், காளான் வைத்துக்கொள்ளலாம். நான் சொந்தமாக ஒரு பச்சை மிளகாய் சேர்ப்பேன் என்று சொன்னபோது கடைக்காரப் பெண் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்!

ராணி வந்த கோவில்

சதுக்கத்தின் ஒரு பக்கம் முழுக்க அடைத்துக்கொண்டு நிற்கிறது புனித ரொனான் கோவில். பதினைந்தாம் நூற்றாண்டில் பிரித்தானிப் பிரபுக்களின் உதவியோடு கட்டியது. ஒரு நெசவு ஊருக்கு இது ரொம்பப் பெரிய கோவில். உள்ளே ஈரமும் மெழுகுவர்த்தி வாசனையும். 1707-ல் செய்த மரப் பிரசங்க மேடை ஒன்று இருக்கிறது. அதில் பத்து வட்டப் பலகைகளில் ரொனானின் கதையைச் செதுக்கியிருக்கிறார்கள். எழுத்துத் தெரியாதவர்களும் பார்த்துப் புரிந்துகொள்ளலாம், நம் கோவில் தூண்களில் ராமாயணம் இருக்கிற மாதிரி.

பக்கத்துச் சின்னக் கோவிலில் ரொனானின் சமாதி. கருத்த கல்லில் அவர் படுத்திருப்பது போன்ற உருவம். ஆறு தேவதைகள் அதைத் தாங்குகிறார்கள். முற்காலத்தில் நோய் தீர அதற்கு அடியில் குனிந்து நுழைந்து வருவார்களாம். எனக்குக் கிரிவலப் பாதையில் இருக்கும் இடுக்குப் பிள்ளையார்தான் ஞாபகம் வந்தார். அங்கேயும் இப்படித்தானே, உடம்பைக் குறுக்கி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வருகிறோம்!

இந்தக் கோவிலுக்கு 1505-ல் ஆன் என்ற ராணி யாத்திரை வந்திருக்கிறாள். பிரித்தானியின் கடைசி சுதந்திர அரசி. இரண்டு மன்னர்களை அடுத்தடுத்து மணந்து, இரண்டு தடவை பிரான்ஸின் ராணியானவள். பிரித்தானியில் இன்றும் அவள் பெயரில் தெரு இல்லாத ஊரில்லை. ஆனால் அவள் கதையைத் தங்கை மெதுவான குரலில் சொன்னபோது என் மனசு கனத்துவிட்டது. பதினாலு தடவைக்கு மேல் உண்டானவளாம். முதல் புருஷனுக்குப் பிறந்த குழந்தைகள் ஒன்றுகூடத் தங்கவில்லை. மூன்று வயசு வரை வளர்ந்த ஆண் பிள்ளையும் 1495-ல் போய்விட்டான். கடைசியில் நிலைத்தது இரண்டே பெண்கள். 1514-ல் அவளே போனபோது முப்பத்தேழு வயசுகூட நிறையவில்லை.

"அவ்வளவு பெரிய ராணியையும் 'விசேஷம் உண்டா'ன்னுதான் ஊரே கேட்டிருக்கும், இல்லக்கா?" என்றாள் தங்கை. நான் பேசாமல் மெழுகுவர்த்தியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரொனானும் கெபேனும்

நடைக்குப் போகும் முன் ரொனான் கதையைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் பாதை புரியாது.

அயர்லாந்திலிருந்து கடல் கடந்து வந்த துறவி. இங்கே இருந்த காட்டில் குடிசை போட்டுத் தங்கினார். தினமும் வெறும் வயிற்றோடு ஒரு சின்னச் சுற்று, வாரம் ஒரு முறை மலையைச் சேர்த்து ஒரு பெரிய சுற்று நடப்பார் என்பது ஐதீகம். பக்கத்தில் ஒரு குடியானவன். அவன் இவரிடம் வந்து வந்து உபதேசம் கேட்க ஆரம்பித்தான். வீட்டு வேலை நின்று போயிற்று. பெண்டாட்டி கெபேனுக்குக் கோபமான கோபம்! தன் பெண் குழந்தையைப் பெட்டியில் ஒளித்து வைத்துவிட்டு, "ரொனான் ஓநாயாக மாறி என் பிள்ளையைத் தின்றுவிட்டான்" என்று ராஜாவிடம் புகார் கொடுத்தாள். பெட்டியைத் திறந்து பார்த்தால் குழந்தை மூச்சுத் திணறி இறந்து கிடக்கிறது. ரொனான் அதைப் பிழைக்க வைத்தாராம்.

அவர் இறந்த பிறகு உடலை மாட்டு வண்டியில் ஏற்றி, மாடுகளைத் தம் போக்கில் விட்டார்கள். மாடுகள் அவர் நடந்த பாதையிலேயே நடந்தன. வழியில் துணி துவைத்துக்கொண்டிருந்த கெபேன், ஆத்திரம் அடங்காமல் துவைக்கிற கட்டையால் ஒரு மாட்டின் கொம்பில் அடித்தாள். மலை உச்சியில் போய்க் கொம்பு விழுந்தது. அந்த இடத்துக்குக் 'கொம்பு விழுந்த இடம்' என்றே இன்றும் பெயர். கெபேனைப் பூமி விழுங்கிவிட்டது. அங்கே ஒரு சிலுவை நிற்கிறது. நடப்பவர்கள் எல்லாச் சிலுவைக்கும் வணக்கம் சொல்வார்கள், அதற்கு மட்டும் சொல்லமாட்டார்கள்.

எனக்கென்னவோ கெபேனிடம் கொஞ்சம் இரக்கம் வந்தது. புருஷன் சாமியார் பின்னால் போய்விட்டால் வயலை யார் பார்ப்பது, சொல்லுங்கள்! பிள்ளையை ஒளித்தது மகா பாவம்தான். ஆனால் அவள் பக்கக் கதையை யார் எழுதி வைத்தார்கள்?

ஆறு வருஷத்துக்கு ஒரு முறை

ரொனான் நடந்த சுற்றைத்தான் இன்றும் நடக்கிறார்கள். 'த்ரொமேனி' என்று பெயர். பிரெத்தோன் பாஷையில் புகலிடத்தைச் சுற்றி வருவது என்று அர்த்தம். ஜூலை மாத இரண்டாவது ஞாயிறன்று ஒவ்வொரு வருஷமும் சின்னது, ஏறத்தாழ 6 கிலோமீட்டர். பெரியது ஆறு வருஷத்துக்கு ஒரு முறை, 12 கிலோமீட்டர். இரண்டாவது ஞாயிறு தொடங்கி மூன்றாவது ஞாயிறு வரை ஒரு வாரம் நடக்கும். 2019-க்கு அப்புறம் 2025-ல்தான் வந்தது. இது கிறிஸ்தவத்துக்கும் முந்தைய கெல்ட்டியர் காலத்துச் சடங்கு, வருஷத்தின் பன்னிரண்டு மாதங்களைப் பாதையாக வைத்திருக்கிறார்கள் என்று தொனாசியன் லோரான் என்ற நாட்டுப்புறவியல் அறிஞர் எழுதியிருக்கிறார்.

முதல் ஞாயிறு ஊர்வலத்தைப் பார்த்தேன். வெல்வெட்டில் பொன் சரிகை வைத்துத் தைத்த கொடிகளை ஆட்கள் தூக்கி வருகிறார்கள். ஒவ்வொன்றும் என்ன கனம்! காற்றில் ஆடும்போது தூக்குகிறவர் நரம்பு புடைக்கிறது. பெண்கள் கறுப்பு உடையில், தலையில் கஞ்சி போட்ட வெள்ளை லேஸ் தொப்பியோடு வந்தார்கள். அந்தத் தொப்பியைப் பார்த்தே எந்த ஊர்க்காரி என்று சொல்லிவிடலாமாம். நம் பக்கம் சேலைக் கட்டைப் பார்த்துச் சொல்வது போல.

நாங்கள் நடந்தது வாரத்தின் நடுவில், கூட்டமில்லாத நாளில். "அன்னைக்குத்தான் அமைதியா இருக்கும்" என்றாள் தங்கை. பேசாமல் நடப்பதே முறை. சூரியன் போகும் திசையில், வலப்பக்கமாகவே சுற்றுகிறார்கள். கிரிவலம் போலவேதான்! பாதை பாதிக்குமேல் தனியார் வயலுக்குள்ளும் தோப்புக்குள்ளும் போகிறது. மற்ற நாளில் வேலி போட்ட நிலம். இந்த விழாவுக்கு மட்டும் வேலியைத் திறந்து வழிவிடுகிறார்கள். யாரும் மறுப்பதில்லையாம்.

வழியில் பன்னிரண்டு முக்கிய நிலைகள். நமக்கு அஷ்டலிங்கம் மாதிரி. இடையிடையே சின்னச் சின்னக் குடிசைகள், எல்லாம் சேர்த்து நாற்பதுக்கு மேல். இலை தழைக் கிளையை வளைத்துக் கட்டி, உள்ளே வீட்டிலிருந்து கொண்டு வந்த வெள்ளைப் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டு, பூ வைத்து, ஒரு புனிதர் சிலையை வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒருவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஆள் வரும்போதெல்லாம் சின்ன மணி அடிக்கிறார். அது யார் புனிதர் என்று பெயர் சொல்கிறார். ஒரு தட்டு இருக்கிறது. காசு போடுகிறவர்கள் போடலாம். ஒரு குடிசையில் எண்பது வயசுக்கு மேலான ஒரு பாட்டி, மடியில் பின்னல் வேலையோடு. ஒரு கையில் மணி, ஒரு கையில் ஊசி! அந்த விரிப்பில் இருந்த மடிப்புக் கோடுகளைப் பார்த்தேன். பீரோவில் இஸ்திரி போட்டுப் பத்திரமாக மடித்து வைத்திருந்த துணி. ஊர் என்பது கல் வீடு மட்டுமில்லை, இந்த மடிப்பும்தான் என்று தோன்றியது.

நான் ஒன்றைக் கவனித்தேன். தங்கை ஒவ்வொரு தட்டிலும் இரண்டு காசு போட்டாள். இரண்டும் தனித்தனியாக, ஒன்றன்பின் ஒன்றாக. பேசக்கூடாது என்பதால் நான் கேட்கவில்லை. எனக்கும் அவளுக்குமாகப் போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கெபேன் சிலுவையை எல்லோரும் பார்க்காத மாதிரித் தாண்டினார்கள். அப்புறம் ஏற்றம். மூச்சு வாங்கிவிட்டது! சொன்னேனே, கிரிவலம் சமதரை. இது மலை மேலேயே ஏறுகிறது. உச்சி 289 மீட்டர். மேலே போனால் தூரத்தில் துவார்னெனே விரிகுடா, தகடு மாதிரி மின்னுகிறது. கீழே வயல்கள், நடுவில் கைக்குட்டை அளவில் ஊர்.

கல் குதிரை

இறக்கத்தில் ஒரு பெரிய கருங்கல் கிடக்கிறது. ரொனான் கடல் கடந்து வந்த கல் படகு என்று சிலர், அவருடைய நாற்காலி என்று சிலர். கல் குதிரை என்றும் ஒரு பெயர். அந்தக் காலத்தில் குழந்தை வரம் வேண்டுகிற பெண்கள் இதன்மேல் உட்கார்ந்து எழுவார்களாம். இதை வீட்டிலேயே கேட்டு வைத்திருந்தேன். நிஜத்தைச் சொல்லிவிடுகிறேன் சகோதரிகளே, இத்தனை தூரம் நான் நடந்ததே இந்தக் கல்லுக்காகத்தான். இடுப்பில் செருகிய சுருக்குப்பையில் மஞ்சள் சரடு இருந்தது.

கல்லுக்குப் பக்கத்தில் வந்ததும் முறையை மீறி வாய் திறந்தேன். "ஒரு நிமிஷம் உட்கார்ந்துட்டு வாடி. எனக்காக" என்றேன்.

அவள் கல்லைக் கையால் தடவினாள். உட்காரவில்லை. பக்கத்துப் புல்லில் உட்கார்ந்து என்னையும் இழுத்து உட்கார வைத்தாள்.

"அக்கா, இங்க ஒரு நம்பிக்கை உண்டு. உயிரோட இருக்கும்போது இந்தச் சுற்று நடக்காதவங்க, செத்தப்புறம் நடந்தாகணுமாம். ஒவ்வொரு தடவையும் சவப்பெட்டி நீளம் அளவுக்குத்தான் நகர முடியுமாம். அதைக் கேட்டதுலேர்ந்து எனக்கு ஒரே நினைப்பு. அந்த ரெண்டும் ஒரு அடிகூட நடக்கலையே. அதுங்களுக்குப் பதிலா நான் நடந்துடறேன்னுதான் வந்தேன். வரம் கேட்டு வரலை."

அப்போதுதான் அந்த இரண்டு காசு எனக்குப் புரிந்தது.

அவள் மேலே சொன்னாள். "ரெண்டாவது தடவை போனப்போ நீ போன்ல என்ன கேட்டே, ஞாபகம் இருக்கா? 'பப்பாளி சாப்பிட்டியா, கனமா எதையாவது தூக்கினியா'ன்னு கேட்டே. ஆறு மாசம் நான் அதையே யோசிச்சேன் அக்கா. எந்தப் பையைத் தூக்கினேன், எந்தப் படி ஏறினேன்னு. அப்புறம் டாக்டரம்மா உட்கார வெச்சு விளக்கினாங்க. ஆரம்பத்துல கலையற கருக்கள்ல பாதிக்குப் பாதி, குரோமோசோம் சரியா அமையாததாலதானாம். நாம தூக்கினதாலயோ தின்னதாலயோ இல்லைன்னாங்க. அன்னைக்குத்தான் நான் தூங்கினேன்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஆசையாகத்தான் கேட்டேன், அக்கறையாகத்தான் கேட்டேன். ஆனால் கெபேன் கையில் இருந்த கட்டை மாதிரி என் வார்த்தை போய் விழுந்திருக்கிறது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மணி அடிக்கிற பெரியவர் எங்களைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. மெதுவாக ஒரு தரம் மணி அடித்தார்.

மிச்ச தூரத்தை இருவரும் பேசாமல் நடந்தோம். அடுத்த குடிசையில் நான் இரண்டு காசு போட்டேன். அதற்கடுத்த குடிசையிலும்.

ஊருக்குள் நுழைந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. அங்கே ஜூலையில் ராத்திரி பத்து மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கிறது. கருங்கல் வீடுகள் எல்லாம் தேன் நிறத்தில் நின்றன. செருப்பைக் கழற்றிக் கிணற்றோரம் உட்கார்ந்தோம். தங்கை வீட்டுக்காரர் 'குயின் அமான்' வாங்கி வந்தார். துவார்னெனே ஊரில் பிறந்த பலகாரம். ரொட்டி மாவுக்குள் வெண்ணெயும் சர்க்கரையும் மடித்து மடித்து வைத்துச் சுட்டது. பிசுபிசுவென்று விரலில் ஒட்டுகிறது. அதை நக்கிக்கொண்டே தங்கை சிரித்தாள். வந்த நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

மஞ்சள் சரடைத் திரும்பக் கொண்டு வந்துவிட்டேன். பூஜை அலமாரியில்தான் இருக்கிறது. அவளாகக் கேட்டால் கொடுப்பேன். ஊருக்கு வந்த பிறகு ஒரு கல்யாண வீட்டில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடம் யாரோ "விசேஷம் ஏதாவது உண்டா?" என்று ஆரம்பித்தார்கள். நான் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, "வாம்மா, பந்திக்குப் போகலாம்" என்று எழுப்பிக்கொண்டு போய்விட்டேன்.

பெரிய த்ரொமேனி அடுத்து 2031-ல் வரும். "வருவியா அக்கா?" என்று ரயிலடியில் கேட்டாள் தங்கை. முட்டி ஒத்துழைத்தால் நிச்சயம் போவேன். அதுவரை இங்கே பௌர்ணமிக்குப் பௌர்ணமி பழகிக்கொண்டிருக்கிறேன். கிரிவலப் பாதையில் எட்டு லிங்கத்தின் முன்னாலும் இப்போது நான் போடுவது இரண்டு இரண்டு காசு.